கப்பி ரோட்டோரம் வீடா? புழுதியிலிருந்து வண்டியையும் வீட்டையும் பயிரையும் காப்பது எப்படி

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் காலக் கோட்டைகள் என்ற வகையில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் திண்டிவனத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ தார் ரோட்டிலேயே வந்து தார் ரோட்டிலேயே திரும்பிவிடுவார்கள். மெயின் ரோட்டை விட்டுத் திரும்பி ஏரிக்கரை, கொல்லை ஓரம் என்று வீடு போய்ச் சேர வேண்டிய விவசாயிகள் பலருக்கு நிலைமை வேறு. கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் கப்பி ரோடாகவோ கிராவல் கொட்டிய மண் ரோடாகவோதான் இருக்கும்.

மாசி பிறந்ததிலிருந்து மழை பிடிக்கும் வரைக்கும் அந்த ரோட்டில் ஒரு டிராக்டர் போனால் போதும், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியாது. கரும்பு வெட்டு நடக்கும் நாட்களிலும், செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டை போகும் நாட்களிலும் கேட்கவே வேண்டாம். ‘மண் ரோடு என்றால் புழுதி இருக்கத்தானே செய்யும்’ என்று பழகிவிட்டோம். ஆனால் டிராக்டர் என்ஜின் காலத்துக்கு முன்பே புகை தள்ளுவதும், வீட்டுப் பிள்ளைக்கு வீசிங் அடிக்கடி வருவதும், ரோட்டோரக் கத்தரியில் மட்டும் இலை வெளுப்பதும் பல இடங்களில் இந்த ஒரே புழுதியின் வேலைதான். அதை முழுவதும் நிறுத்த முடியாது. பாதிக்கு மேல் குறைக்க முடியும், அதற்குப் பெரிய செலவும் இல்லை.

முதலில் இந்தப் புழுதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

செஞ்சியைச் சுற்றி இருப்பவை கருங்கல் மலைகள். அந்தப் பாறை வெயிலிலும் மழையிலும் நொறுங்கி உண்டான மண்ணில், கண்ணாடித் துண்டு போல மின்னுகிற வெள்ளைத் துகள்களைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல். ரோட்டில் போடும் கருங்கல் ஜல்லியும் சக்கரத்தில் அரைபட்டு இதே துகளைத் தரும். தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் அளவுகோலில் குவார்ட்ஸ் 7-ல் நிற்கிறது. ஜன்னல் கண்ணாடி 5.5-க்குப் பக்கம். வண்டியின் பெயின்ட்டும் என்ஜின் லைனர் இரும்பும் அதைவிட மென்மையானவை. ஆக, துணியால் வறட்டுத் துடைப்பு துடைக்கும்போது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் கண்ணுக்குத் தெரிகிற தூசியால் பெரிய ஆபத்து இல்லை. அது கனமானது, கொஞ்ச தூரத்தில் விழுந்துவிடும், மூக்கிலும் தங்கிவிடும். ஒரு தலைமுடியின் கனத்தில் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும் பொடிதான் வெகுநேரம் காற்றில் மிதந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. ஏர் ஃபில்டரில் சின்ன ஓட்டை இருந்தாலும் என்ஜினுக்குள் போவதும் அதுதான்.

டிராக்டர்: ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள்

வண்டியைச் சுத்தமாக வைப்பது என்றதும் நாம் முதலில் வெளிப்பக்கத்தைக் கழுவுவோம். டிராக்டரைப் பொறுத்தவரை வெளிப்பக்கம் அழுக்காக இருந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. உள்ளே போகிற காற்று அழுக்காக இருந்தால்தான் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்து, ஆயில் எரிந்து, நீலப்புகை வந்து, இழுவை குறையும். என்ஜினைப் பிரித்து வேலை செய்ய ஆகும் செலவு உங்களுக்குத் தெரியும். அதனால் வாரத்தில் 10 நிமிடம்தான் இருக்கிறது என்றால் பானெட்டைத் துடைக்காதீர்கள், ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் இருப்பது ஆயில் பாத் வகை. கீழே ஒரு கிண்ணத்தில் ஆயில், மேலே கம்பி வலை. காற்று ஆயிலில் மோதித் திரும்பும்போது தூசி ஆயிலில் படிந்துவிடும். புழுதி இல்லாத காலத்தில் மேனுவலில் சொன்ன மணிக்கணக்குப்படி பார்த்தால் போதும். வறண்ட கொல்லையில் ரோட்டவேட்டர் ஓட்டும்போதும், கப்பி ரோட்டில் நாள் முழுக்க டிரெய்லர் இழுக்கும்போதும் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் விரலை விட்டால் சேறு போல வண்டல் தட்டுப்படுகிறதா, ஆயில் கெட்டியாகி விட்டதா, அப்படியானால் உடனே மாற்றுங்கள். கிண்ணத்தை டீசலில் கழுவித் துடைத்து, புது ஆயிலை உள்ளே போட்டிருக்கும் கோடு வரைக்கும் மட்டும் ஊற்றுங்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் தூசி பிடிபடாது. ‘கூட இருக்கட்டும்’ என்று கோட்டுக்கு மேலே ஊற்றினால் அந்த ஆயிலை என்ஜின் உறிஞ்சிவிடும். உறிஞ்சிய ஆயிலையே எரித்துக்கொண்டு என்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடவும் கூடும். கம்பி வலையை டீசலில் அலசினால் நன்றாக வடிந்து காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

புது டிராக்டர்களில் வருவது பேப்பர் ஃபில்டர். வெளியே ஒன்று, அதற்குள் சின்னதாக இன்னொன்று. இங்கேதான் பலர் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுத்துவிடுகிறார்கள். பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய் காற்றுக் குழாயை ஒட்டிப் பிடித்து அடித்தால் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். தரையில் ஓங்கித் தட்டினால் ஓரம் நசுங்கி, ரப்பர் சரியாக உட்காராது. காற்று அடிப்பதாக இருந்தால் அழுத்தத்தைக் குறைத்து, குழாயைத் தள்ளிப் பிடித்து, உள்ளிருந்து வெளியே வரும்படி அடிக்க வேண்டும். முடிந்ததும் ஃபில்டருக்குள் ஒரு டார்ச்சைப் பிடித்து இருட்டில் பாருங்கள். வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால் அந்த ஃபில்டர் ஆயுள் முடிந்தது. உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்ற மட்டும்தான் வேண்டும். அதைச் சும்மா சும்மா வெளியே எடுத்துப் பார்ப்பதும் தவறு. எடுக்கிற நேரத்தில் விழும் தூசி நேராக என்ஜினுக்குப் போகும்.

ஃபில்டர் நன்றாக இருந்தும் தூசி போகலாம். ஃபில்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலோ கிளிப் தளர்ந்திருந்தாலோ ஃபில்டரே இல்லாதது மாதிரிதான். ஹோஸைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் நிறம் ஒட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்பே நீங்கள் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு இது.

ரேடியேட்டரின் முன்பக்கம் தூசியும் வைக்கோல் தூளும் மெத்தை போலப் படிந்தால் வண்டி சூடாகும். முன்னாலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் அழுக்கு இன்னும் உள்ளே போய் அடைக்கும். என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடியுங்கள், அதுவும் என்ஜின் ஆறிய பிறகு. கிரீஸ் அடிக்கும்போது நிப்பிளைத் துணியால் துடைக்காமல் கன்னை மாட்டினால் நிப்பிள் மேல் இருக்கும் மணலையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறோம். துடைத்து மாட்டி, பழைய கருப்புக் கிரீஸ் வெளியேறிப் புது நிறம் தெரியும் வரைக்கும் அடித்து, வழிந்ததைத் துடைத்து எடுங்கள். கழனியில் கேனிலிருந்து டீசல் ஊற்றுகிறவர்கள் டேங்க் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறங்கள். புனலில் ஒரு மெல்லிய துணி கட்டுவது பழைய பழக்கம்தான், நல்ல பழக்கம்.

பைக், மொபெட், கார்

பைக்கில் எல்லோரும் செய்யும் தவறு, செயினில் ஆயிலைச் சொட்டச் சொட்ட விடுவது. கப்பி ரோட்டில் ஈரமான செயின் மணலை ஈர்த்து, ஆயிலும் மணலும் கலந்து அரம் போல ஆகிவிடும், செயினும் பல்சக்கரமும் சேர்ந்து தேயும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைத் துடைத்து, காயவிட்டு, கியர் ஆயிலை லேசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மேலே நிற்கிறதைத் துடைத்துவிடுங்கள். ஆயில் செயினின் இணைப்புகளுக்குள் இருந்தால் போதும், வெளியே இருக்கத் தேவையில்லை. மூடிய செயின் கவர் உள்ள வண்டியை வாங்கியவர்கள் அழகுக்காக அதைக் கழற்றாதீர்கள்.

பைக் ஏர் ஃபில்டர் இரண்டு மாதிரி உண்டு. ஸ்பாஞ்ச் வகையைக் கழுவலாம். எண்ணெய்ப் பசையோடு வரும் பேப்பர் வகையைக் கழுவவும் கூடாது, காற்றும் அடிக்கக் கூடாது. எது உங்கள் வண்டியில் இருக்கிறது என்று சர்வீஸில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். மண் ரோட்டில் தினம் ஓடும் வண்டிக்கு, சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுவது நல்லது.

வண்டி கழுவுவதில் ஒரே விதிதான்: முதலில் தண்ணீர், பிறகுதான் துணி. மேலேயிருந்து தண்ணீர் ஊற்றி மணல் ஓடிய பிறகு, இரண்டு பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் துணியை நனைக்க, இன்னொன்றில் அழுக்கை அலச. ஒரே பக்கெட்டில் நனைத்து அலசினால் அந்த மணலே திரும்ப பெயின்ட்டில் ஏறும். இரண்டு பக்கெட்டில் ஒரு பைக் முடிந்துவிடும், மோட்டார் போட்டு ஹோஸ் பிடிக்க வேண்டியதில்லை. மட்கார்டுக்கு அடியில் அப்பியிருக்கும் மண்ணைக் குச்சியால் தட்டி எடுத்துவிடுங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். ஏரியிலும் வாய்க்காலிலும் வண்டியை இறக்கிக் கழுவாதீர்கள், ஆயில் படலம் மாடு குடிக்கும் தண்ணீரில்தான் மிதக்கும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கப்பி ரோட்டில் திரும்பியதும் வெளிக்காற்று வரும் வழியை அடைத்து உள்காற்றே சுற்றும்படி பட்டனைத் தள்ளிவிடுங்கள். கண்ணாடியில் தூசி இருக்கும்போது தண்ணீர் பீய்ச்சாமல் வைப்பரைப் போட்டால் கோடு விழும்.

வீடு: வாசல் தெளிப்பதில் இருக்கும் கணக்கு

விடியற்காலையில் வாசலில் சாணம் கரைத்துத் தெளித்து, பெருக்கி, கோலம் போடுகிறோம். மங்கலம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், புழுதிக்கும் அது நல்ல மருந்து. சாணத்தில் இருக்கும் நார்ப்பசை மண்ணின் மேல்பொடியைச் சேர்த்துப் பிடித்து ஒரு தோல் போலக் காயும். தண்ணீர் மட்டும் தெளித்தால் சித்திரை வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிடும், சாணத் தோல் அதைவிட நேரம் தாங்கும். வீட்டு வாசல் மட்டுமல்லாமல் வாசலுக்கு எதிரே இருக்கும் ரோட்டுப் பகுதியிலும் இதையே தெளிக்கலாம். 50 அடி நீளம், 10 அடி அகலத்துக்கு ஏறக்குறைய 50 லிட்டர் போதும். இதற்கு நல்ல தண்ணீர் வேண்டாம், அரிசி கழுவிய தண்ணீரும் துணி அலசிய தண்ணீரும் போதும். குழாய் பிடித்துத் தேங்க விடாதீர்கள். தேங்கிய இடத்தில் டயர் ஏறினால் குழி விழும், அந்தக் குழியிலிருந்து அடுத்த நாள் இன்னும் புழுதி கிளம்பும். தூறல் மாதிரி தெளித்தால் போதும், பால் வண்டியும் ஸ்கூல் வேனும் வருவதற்கு அரை மணி முன்னால்.

வீட்டுக்குள் வறட்டு விளக்குமாறு போடுவதுதான் பெரிய தப்பு. பெரிய தூசி முறத்துக்கு வரும். நான் மேலே சொன்ன மூச்சுக்குழாய்க்குள் போகும் பொடி எழும்பி, பெருக்கி முடித்த பிறகு சாப்பாட்டுப் பாத்திரத்தின் மேலும் தொட்டில் மேலும் இறங்கும். ஈரத்துணியால் துடைப்பதே மேல். பெருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கையால் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குங்கள். வண்டிகள் போகும் நேரத்துக்கு முன் பெருக்குவது வீண் வேலை. அவை போய்க் கால் மணி கழித்து, தூசி இறங்கிய பிறகு துடைத்தால் ஒரு வேலையாக முடியும்.

ரோட்டைப் பார்த்த ஜன்னலைப் பகலில் மூடி, கொல்லைப்புற ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூட முடியாத ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தால் பொடியை நிறுத்தாவிட்டாலும் பெரிய தூசியை நிறுத்தும், ஆனால் வலையை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். கதவுக்கு அடியில் இருக்கும் சந்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஆணி அடித்துவிடலாம். வாசற்படிக்கு வெளியே தென்னைநார் மிதியடி, உள்ளே நனைத்துப் பிழிந்த சாக்கு, இந்த இரண்டையும் தாண்டி வரும் காலில் மண் அதிகம் இருக்காது. ஃபேன் இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறையை இறக்கை மேல் மாட்டி இழுங்கள், தூசி உறைக்குள்ளேயே விழும், படுக்கையில் கொட்டாது.

மொட்டைமாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாதக்கணக்கில் கூரையில் படிந்த புழுதியும் பறவை எச்சமும் முதல் மழையில்தான் கழுவி வரும். 500 சதுர அடி மாடி என்றால் முதலில் வரும் 50 முதல் 100 லிட்டரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு குழாயைத் தொட்டிக்குத் திருப்புங்கள். சோலார் பம்ப்செட் பலகை ரோட்டோரக் கழனியில் இருந்தால் அதில் படியும் தூசி மின்சாரத்தைக் குறைக்கும். விடியற்காலையில், பலகை குளிர்ந்திருக்கும்போது, தண்ணீர் ஊற்றி மெல்லிய துணியால் இழுத்துவிடுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும் அபாயம் உண்டு.

நெல்லும் மல்லாட்டையும் மிளகாயும் ரோட்டோரத்தில் காயப்போடுவதைப் பற்றி ஆயிரம் தடவை எழுதியாகிவிட்டது, இருந்தும் சொல்கிறேன். அதில் சேரும் பொடிக்கல்லை வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார், விலை அங்கேயே இறங்கும். தார்ப்பாய் விரித்து, ரோட்டுக்கு எதிர்ப்புறம் வீட்டின் மறைவில் காயப்போடுங்கள். கோட்டைக்குள் இருக்கும் பழைய களஞ்சியத்தின் தடித்த சுவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தானியத்தை வெளிக்காற்றிலிருந்து பிரித்து வைக்க அந்தக் காலத்தில் எவ்வளவு மெனக்கெட்டார்கள் என்று.

வீட்டில் வீசிங் உள்ள பிள்ளையோ வயதானவரோ இருந்தால் அவர்கள் படுக்கும் அறை ரோட்டுப் பக்கம் இருக்க வேண்டாம். முகத்தில் துண்டு கட்டுவது பெரிய தூசியைத்தான் நிறுத்தும். கிராவல் கொட்டும் நாளிலோ நெல் அறுவடை இயந்திரம் ஓடும் நாளிலோ பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தால் என்95 மாஸ்க் போடுங்கள். கல் குவாரியிலும் கிரஷரிலும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது கட்டாயம். வருடக்கணக்கில் அந்தப் பொடியைச் சுவாசித்தால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் ‘புழுதிதான்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காசநோய்க்கும் அதுவே அறிகுறி.

செடி வேலி

மதில் எழுப்பினால் புழுதி நிற்கும் என்று செலவு செய்கிறவர்கள் உண்டு. காற்று மதிலில் மோதி மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று இறங்கும்போது புழுதியையும் உங்கள் முற்றத்தில் இறக்கும். காற்று பாதி நுழைந்து பாதி தடைபடும் செடி வேலிதான் தூசியை வடிகட்டும். முன்வரிசையில் நொச்சியும் ஆடாதொடையும் வையுங்கள். இரண்டையும் ஆடு மாடு கடிக்காது, போத்து நட்டாலே வரும், அடியிலிருந்தே தழையும். அதற்குப் பின்னால் 8 முதல் 10 அடி விட்டு வேம்பு, புங்கன். கீழே இடைவெளி விட்டு மேலே மட்டும் தழைக்கும் மரம் தனியாகப் பயன்படாது, ரோட்டுப் புழுதி கிளம்புவது முழங்கால் உயரத்தில்தான்.

புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ நட்டால் மழையிலேயே வேர் பிடித்துவிடும். ஆனி ஆடியில் மேல்காற்று புரட்டி எடுக்கும்போது முதல் பலன் தெரியும், முழுப்பலனுக்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். ரோட்டின் கிழக்குப் பக்கம் வீடு உள்ளவர்களுக்குத்தான் மேல்காற்றுக் காலத்தில் தொல்லை அதிகம், அவர்கள் முந்திக்கொள்ளுங்கள். வளைவில் எதிரே வரும் வண்டியை மறைக்கும்படியும் மின்கம்பிக்கு அடியிலும் நடாதீர்கள். ரோட்டு எல்லைக்குள் நடுவதாக இருந்தால் ஊராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், நாளைக்கு ரோடு அகலப்படும்போது மனத்தாங்கல் வராது.

ரோட்டோரக் கழனியில்

இலையில் புழுதி படிந்தால் வெளிச்சம் குறையும், இலைத்துளை அடைபடும், இது எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் பேசப்படாதது செம்பேன். புழுதி படிந்த வறண்ட இலையில் செஞ்சிலந்திப் பேன் வேகமாகப் பெருகும். அதைத் தின்று கட்டுப்படுத்தும் நல்ல பூச்சிகளுக்கோ புழுதியில் நடமாட முடியாது. கத்தரி, வெண்டையில் ரோட்டோர வரிசைகளில் மட்டும் இலை வெளுத்துப் புள்ளி விழுந்தால், இலையைத் திருப்பி அடியில் மெல்லிய நூலாம்படை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் கைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் படும்படி அழுத்தி அடியுங்கள், காலை வேளையில், இரண்டு மூன்று நாள் இடைவெளியில். பாதிப் பேன் அதிலேயே கழுவிப்போகும். அடங்காவிட்டால் வேளாண்மை அலுவலரைக் கேட்டு மருந்து அடிக்கலாம், ஓர வரிசைகளுக்கு மட்டும். கழனி முழுக்க அடித்தால் நல்ல பூச்சிகளும் செத்து, பேன் நடுக்கழனிக்கும் வரும்.

எந்த மருந்தானாலும் புழுதி மேல் அடித்தால் இலைக்குச் சேராது. கிளைபோசேட், பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகள் மண் துகளோடு உடனே பிணைந்து வீரியத்தை இழந்துவிடும். ரோட்டோரக் களை சாகவில்லை என்று இரண்டாம் தடவை அடித்துப் பணத்தை விடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். என்னைக் கேட்டால் ரோட்டோரத்துப் புல்லைக் கொல்லவே வேண்டாம். அறுத்துவிட்டால் போதும், குட்டையான புல் அந்த ஓரத்து மண்ணைப் பிடித்து வைக்கும். மாட்டுக்குத் தீவனம் அறுக்கும்போது மட்டும் ரோட்டை ஒட்டிய புல்லைத் தவிர்த்து உள்ளே தள்ளி அறுங்கள், முடியாவிட்டால் அலசிப் போடுங்கள்.

புழுதி பிறக்கும் இடம்

மேலே சொன்னதெல்லாம் வந்த புழுதியைச் சமாளிப்பது. புழுதி பிறக்கும் இடம் ரோடு. அங்கே மிகச் சுலபமான மருந்து, வேகத்தைக் குறைப்பது. 40-ல் போகும் வண்டி 20-ல் போனால் புழுதி ஏறக்குறையப் பாதியாகும். வீடுகள் இருக்கும் 200 மீட்டருக்கு மட்டும் மெதுவாகப் போகச் சொல்லி ஊரே பேசி ஒரு பலகை வைத்தால், எந்த அரசாங்கத்தையும் கேட்காமல் கிடைக்கும் பலன் அது. கரும்பு, மணல், ஜல்லி ஏற்றிப் போகும் வண்டிகளின் டிரைவர்களிடம் சண்டையாகப் பேசாமல், ‘பிள்ளைக்கு வீசிங்’ என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் அவரவர் ஊரில் இதே ரோட்டில் இருப்பவர்கள்தான். ஜல்லி லோடுக்குத் தார்ப்பாய் போடச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கப்பி ரோட்டில் அலை அலையாக நெளி விழுந்து வண்டி உதறுமே, அதுவும் வேகத்தால் வருவதுதான். 2007-ல் டொரன்டோ, கேம்பிரிட்ஜ், லியோன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து, சுற்றும் மேடையில் மணலைப் பரப்பிச் சின்னச் சக்கரம் ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஓடும் வரைக்கும் மணல் சமமாகவே இருந்தது, அதைத் தாண்டியதும் நெளி விழத் தொடங்கியது. நெளி விழுந்த ரோடு சக்கரம் குதித்துக் குதித்து இடிப்பதால் இன்னும் பொடியாகும்.

அடுத்தது ரோட்டின் முதுகு. நல்ல கிராவல் ரோடு நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிய வேண்டும். 12 அடி ரோட்டில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஏறக்குறைய 3 அங்குலம் உயர்ந்திருந்தால்தான் மழைநீர் ஓடும். தட்டையாக இருந்தால் தண்ணீர் தேங்கி, கல்லைப் பிடித்திருக்கும் களி கரைந்து, வெயில் வந்ததும் அத்தனையும் புழுதியாகும். ஓரத்தில் வாய்க்கால் எடுக்காத ரோட்டுக்கு எத்தனை லோடு கிராவல் கொட்டினாலும் ஒரு மழைதான் தாங்கும். அதேபோல, கொட்டிய கிராவலைத் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டி இறுக்காமல் போனால், இருந்த ரோடே தேவலை என்று ஆகிவிடும். உங்கள் ஊரில் வேலை நடக்கும்போது இந்த மூன்றையும் நின்று பாருங்கள்: முதுகு இருக்கிறதா, ஓர வாய்க்கால் இருக்கிறதா, ரோலர் ஓடியதா. கிராவலின் தரத்தை நீங்களே சோதிக்கலாம். ஒரு பிடியை நனைத்து உருண்டை பிடித்து வெயிலில் காயவையுங்கள். காய்ந்ததும் கையிலேயே உதிர்ந்தால் களி போதாது, புழுதியாகும். நனைக்கும்போதே கையில் வழவழவென்று ஒட்டினால் களி அதிகம், மழையில் சேறாகும். அழுத்தினால்தான் உடையும் உருண்டைதான் ரோட்டுக்குச் சரி.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். டிராக்டரிலிருந்து வடித்த கழிவு ஆயிலை வாசல் ரோட்டில் ஊற்றிப் புழுதியை அடக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்று ஒரு சிற்றூர். மண் ரோட்டுப் புழுதி தாங்காமல் 1970-களில் ஒரு ஒப்பந்தக்காரரை வைத்துக் கழிவு ஆயில் தெளித்தார்கள். அந்த ஆயிலில் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு கலந்திருந்தது அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1982 டிசம்பரில் வெள்ளம் வந்த நேரத்தில் உண்மை வெளியானது. அடுத்த ஆண்டே அரசாங்கம் ஊர் முழுவதையும் விலைக்கு வாங்கி, 2,000-க்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்றியது. இன்று அந்த ஊரே இல்லை. நம் டிராக்டர் ஆயிலில் அந்த நஞ்சு இருக்காது என்றாலும் தேய்ந்த உலோகமும் கரியும் இருக்கும், அது மழையில் இறங்குவது உங்கள் கிணற்றுக்குத்தான். கழிவு ஆயிலைக் கேனில் சேர்த்து, வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். வெளிநாடுகளில் ரோட்டில் கால்சியம் குளோரைடு உப்பு தூவுவதைப் பார்த்து யாராவது யோசனை சொன்னால் அதுவும் வேண்டாம். கழனி ஓரத்தில் உப்பு எதற்கு? வண்டியும் துருப்பிடிக்கும்.

நிரந்தரத் தீர்வு தார் ரோடோ சிமென்ட் ரோடோதான். கிராம ரோடுகளுக்கு மத்திய அரசின் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரிலிருந்து இருக்கிறது, மாநில அரசின் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டமும் இருக்கிறது. எந்தத் திட்டமானாலும் ரோடு ஊராட்சி ஒன்றியத்தின் பதிவேட்டில் இருந்தால்தான் பட்டியலில் ஏறும். அதனால் முதலில் ஒன்றிய அலுவலகத்தில் உங்கள் ரோடு பதிவாகியிருக்கிறதா, என்ன நீளத்துக்கு என்று கேளுங்கள். வண்டிப்பாட்டையாகவே இருந்து ரோடானவை பல, பதிவேட்டில் பாதி நீளம்தான் இருக்கும். அதை எழுதி வாங்கிய பிறகு கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் கிராம சபை கூடும். தீர்மான நகலோடு விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம், விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் பேசலாம். மனுவோடு இரண்டு போட்டோ வையுங்கள்: டிராக்டர் போகும்போது எடுத்தது ஒன்று, மழை நாளில் எடுத்தது ஒன்று.